பதினாலு தடியும் ஒரு பிரசாதமும்

வுப்பர்டால்
யூன் 5

அன்பு மகள் சாரங்காவுக்கு,

அப்பா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்து டொக்டரின் மருந்துச் சீட்டு என்று நினைத்துவிடாதே. போனில் நாம் இருவரும் கதைக்கத் தொடங்கினால் மூன்றாவது நிமிடத்தில் ஒருவர் வைத்துவிடுகிறோம், பெரும்பாலும் நீ. கடிதத்தை நீ பாதியில் மடித்து வைத்தாலும் எனக்குத் தெரியவராது. மானம் மிஞ்சும். தமிழ்ப் பள்ளிக்கு உன்னைப் பன்னிரண்டு வருசம் சனிக்கிழமைகளில் இழுத்துக்கொண்டு போனதற்கும் ஒரு பலன் வேண்டும் அல்லவா.

இங்கே எல்லோரும் சுகம். அம்மா பல்கனியில் வைத்த மிளகாய்க் கன்றுகள் ஆறும் பூத்துவிட்டன. எங்கள் கோல்ஃப் கிளப்பில் ஏழாம் குழிப் பக்கம் காட்டுப் பன்றி வந்து உழுதுவிட்டுப் போனது. முப்பது வருசத்துக்கு மேலாக என்னை வைத்துப் புல் வெட்டுவிக்கிற ஹெர் குரோஸ்மான் அந்த இடத்தைப் பார்த்துவிட்டு, "விமல், பன்றி உன்னைவிட நேராக வேலை செய்திருக்கிறது" என்றார். அந்த மனிதர் இதுவரை சொன்ன முதல் பகிடி அது. கலண்டரில் குறித்து வைத்திருக்கிறேன்.

இனி விசயத்துக்கு வருகிறேன். நேராக வரத் தெரிந்திருந்தால் எனக்கு மூன்று கிழமை எடுத்திருக்காது.

ஹம்பேர்க் போட்டியில் இரண்டாம் குழி முடிந்ததும் மழை தூறியது. நீ குடை எடுக்க, நான் தூக்கிக்கொண்டு வந்த உன் பைக்குள் கையை விட்டாய். கையோடு வந்தது எட்டு வயதில் நீ பந்து உருட்டிப் பழகிய அந்தக் குட்டித் தடி. பையில் பதினாலு தடிக்கு மேல் இருக்கக் கூடாது, இருந்தால் குழிக்கு இரண்டு அடி தண்டம் என்று கோல்ஃப் விளங்காத அம்மாவுக்கே தெரியும். இரண்டு குழிக்கு நாலு அடி உன் கணக்கில் கூடியது. கடைசியில் நீ பின்தங்கியது மூன்றே மூன்று அடியால். பெண்களுக்கு வருசத்தில் இருக்கிற ஐந்து பெரிய போட்டிகளில் ஒன்றுக்கு, இங்கிலாந்து ஓப்பனுக்கு, நேராகப் போயிருக்க வேண்டிய பிள்ளை இனித் தகுதிப் போட்டி ஆடித்தான் உள்ளே போக வேண்டும். இந்தக் கணக்கை எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

"எப்படியப்பா இது இதுக்குள்ள வந்தது?" என்று கேட்டாய்.

"வீட்டிலயிருந்து தவறி வந்திருக்கும், பிள்ளை," என்றேன்.

தவறி வரவில்லை. நான் சொன்னது பொய்.

போட்டிக்கு முதல் வெள்ளிக்கிழமை லீவு போட்டுவிட்டு ஊன்ட்றொப் அம்மன் கோயிலுக்குப் போனேன். உன் தடி ஒன்றை வைத்து அர்ச்சனை செய்ய வேண்டும் என்று ஆசை. நீ இப்போது பாவிக்கிற தடியை எடுத்தால் கண்டுபிடித்துவிடுவாய் என்று, கராஜில் கிடந்த குட்டித் தடியைத் துடைத்து எடுத்துக்கொண்டு போனேன். ஐயர் உன் பெயர் கேட்டார், நட்சத்திரம் கேட்டார். பிறகு, "இது என்ன சாமான்?" என்றார்.

"பந்து உருட்டுறது, ஐயா. பிள்ளை போட்டிக்குப் போறா."

அவர் அதை அங்கும் இங்கும் திருப்பிப் பார்த்தார். "இதில எந்தப் பக்கத்தை அம்பாளுக்குக் காட்டுறது?"

"பந்தில படுற பக்கத்தை," என்றேன். பெரிய ஆள் மாதிரி.

சந்தனமும் பூவும் சிவப்பு நூலுமாகத் தடி திரும்பி வந்தது. அதைத் திரும்பவும் கராஜில் எறிய மனம் வருமா? உன் பையின் அடியில், குடைக்குக் கீழே வைத்தேன். போட்டியன்று காலையில் எண்ணினேன், பிள்ளை. அம்மனாணை எண்ணினேன். பதினாலு தடி, ஒரு பிரசாதம். கணக்குச் சரி என்று பையின் சிப்பை இழுத்து மூடினேன்.

யூலைக் கடைசிக் கிழமையிலிருந்து உர்லவுப், அதுதான் லீவு, எழுதிக் கொடுத்துவிட்டேன். தகுதிப் போட்டிக்கும் ஓப்பனுக்கும் சேர்த்து இரண்டு கிழமை. புது மழைச் சட்டையும் வாங்கினேன், உன் பையின் அதே நீலம். இனி மூன்று தரம் எண்ணுவேன், சாமியையும் சேர்த்து.

பேச்சு வாங்கத் தயாராக இருக்கும்,
அப்பா விமலநாதன்


மலகா
யூன் 17

அன்புள்ள அப்பா,

என் தமிழில் பிழை இருந்தால் சிவப்புப் பேனையால் திருத்தி அனுப்ப வேண்டாம். போன வருசம் நான் அனுப்பிய பிறந்தநாள் கார்ட்டைத் திருத்தி அனுப்பினீர்கள்.

எனக்கு அன்றைக்கே தெரியும். சந்தனம் என் வெள்ளைக் கையுறையில் ஒட்டியிருந்தது. பதினெட்டாம் குழி வரை அந்த வாசம் என்னோடு வந்தது. நீங்களாகச் சொல்லுவீர்கள் என்று பார்த்துக்கொண்டு இருந்தேன். ஐயர் கேட்ட கேள்வியை வாசித்துவிட்டு இங்கே பயிற்சி முகாமின் சாப்பாட்டு மேசையில் இருந்து தனியச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு மேசைக்குப் போனார்.

இனி நான் சொல்ல வேண்டியது. இதை இரண்டு தரம் எழுதிக் கிழித்தேன்.

யூலையில் என் பையை நீங்கள் தூக்க வேண்டாம். மொயிரா என்று ஒரு ஐரிஷ் பெண்ணைக் கேட்டிருக்கிறேன். இருபது வருசமாக வீராங்கனைகளுக்குப் பை தூக்குகிறார். சம்மதித்துவிட்டார்.

பதினைந்தாவது தடிக்காக இல்லை, அப்பா. அப்படி நினைக்க வேண்டாம். ஒரு அடி பிழைத்தால் மற்றவர்கள் பந்து எங்கே போகுது என்று பார்ப்பார்கள். நான் முதலில் உங்கள் முகத்தைப் பார்க்கிறேன். எனக்குப் பதின்மூன்று வயதில் நீங்கள் என் பையைத் தூக்கத் தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். நீங்கள் ஒன்றும் சொல்வதில்லை. ஏசுவதும் இல்லை. ஆனால் உங்கள் முகத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் நான் பந்தைத் தேடுகிறேன். பெரிய போட்டியில் அதற்கு நேரம் இல்லை.

அதனால் இன்னொன்றும் கேட்கிறேன். பார்க்கவும் வர வேண்டாம். இந்த ஒரு முறை. நீங்கள் கயிற்றுக்கு வெளியே சனத்தோடு நின்றாலும் நான் தேடுவேன்.

கோபம் என்றால் கடிதத்தில் கோபியுங்கோ. போனில் வேண்டாம்.

உங்கள் மகள்,
சாரங்கா


வுப்பர்டால்
யூன் 25

என் செல்லம் சாருவுக்கு,

கோபம் இல்லை. வரும் என்று இரண்டு நாள் பார்த்துக்கொண்டு இருந்தேன். இந்த வயதில் என்னிடம் வர அதற்கும் சோம்பல், பஞ்சி போல.

உன் கடிதத்தைப் புல் வெட்டுகிற வண்டியில் இருந்து வாசித்தேன். வண்டியை நிற்பாட்டிவிட்டு வாசித்திருக்கலாம். பன்னிரண்டாம் குழிக்குப் போகிற வழியில் இப்போது பாம்பு ஊர்ந்த மாதிரி ஒரு கோடு கிடக்கிறது. ஹெர் குரோஸ்மான் அதன் ஓரமாக நடந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து, "இதுவும் பன்றியா?" என்றார். "இல்லை, இது நான்" என்றேன்.

அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். எனக்காக இரண்டு வார்த்தை பேசுவார் என்று ஒரு நம்பிக்கை.

"பிள்ளை சரியாத்தானே எழுதியிருக்கிறாள்," என்றார். "உங்கட முகம் அப்பிடி. சொதியில உப்புக் கூடினாலும் வாய் திறக்க மாட்டியள். கோப்பையைப் பாத்துக்கொண்டு இருப்பியள். நான் முப்பது வருசமா அந்த முகத்துக்குச் சமைக்கிறன்."

"நான் ஒண்டும் சொல்லுறேல்லையே, ரஞ்சினி."

"அதைத்தானே சொல்லுறன்."

பிறகு குளியலறைக் கண்ணாடியில் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்தேன். வடிவான முகம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. ஆனால் இவ்வளவு ஆபத்தான முகம் என்று இப்போதுதான் அறிகிறேன்.

மெய்யைச் சொன்னால் இந்த விளையாட்டைப் பற்றி எனக்கு என்ன தெரியும். எண்பத்தொன்பதில் இந்தக் கிளப்புக்கு என்னை வேலைக்கு அனுப்பியபோது, இவ்வளவு பெரிய புல்வெளியைப் பார்த்துவிட்டு, மாடுகளை எங்கே கட்டியிருக்கிறீர்கள் என்று கேட்ட ஆள் நான். பத்தாம் வகுப்போடு முடிந்த படிப்பு. நீ பந்தை அடிப்பாய், நான் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வருவேன், இவ்வளவுதான் என் கெட்டித்தனம். மொயிராவுக்கு இருபது வருசப் பழக்கம் என்றால் பையை அவரிடமே கொடு. பார்க்கவும் வர மாட்டேன். இது வாக்கு.

ஒன்றே ஒன்று. புல்லைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை என்று நினைத்துத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். நீ ஆடப் போகிற கடற்கரைப் புல் மயிர் போல மெல்லிசு, நிலம் காய்ந்து இறுகிக் கிடக்கும். பந்து விழுந்த இடத்தில் நிற்காமல் ஓடும். குழியில் நட்டிருக்கிற கொடிக்குப் பத்து மீற்றர் முன்னால் விழுத்து. மொயிராவுக்கு இது தெரிந்திருக்கும். தெரிந்திருந்தாலும் எழுதாமல் இருக்க என்னால் ஏலாது.

நேற்றுப் புது மழைச் சட்டையைப் போட்டுக்கொண்டு மிளகாய்க் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டேன். நல்ல சட்டை. ஒரு துளி உள்ளே வரவில்லை.

வாக்குத் தவறாத,
அப்பா


மலகா
யூலை 16

அன்புள்ள அப்பா,

உங்கள் பத்து மீற்றரை மொயிராவிடம் சொன்னேன். "உன் அப்பா என்ன வேலை?" என்று கேட்டார். "புல் வெட்டுகிறார்" என்றேன். தன் கொப்பியில் ஏற்கெனவே எழுதியிருந்ததை அடித்துவிட்டுப் பத்து என்று எழுதினார்.

27ஆம் திகதி திங்கட்கிழமை தகுதிப் போட்டி. பதினெட்டுக் குழி, ஒரே நாள். தகுதி பெற்றால் வியாழக்கிழமை ஓப்பன். 24இலிருந்து போனை அணைத்து வைப்பேன். அவசரம் என்றால் ஹோட்டல் முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது.

வாக்குத் தந்ததற்கு நன்றி. கேட்பது எனக்கு லேசாக இருக்கவில்லை. தருவது உங்களுக்கும் லேசாக இருந்திருக்காது. மழைச் சட்டையைப் பற்றி எழுதிய இடத்தை இரண்டு தரம் வாசித்தேன்.

அன்புடன்,
சாரங்கா


இங்கிலாந்து
யூலை 31, வெள்ளி பின்னேரம் நாலு மணி

அன்புள்ள சாருவுக்கு,

இந்தக் கடிதத்தில் முத்திரை இல்லை என்பதைக் கவனித்திருப்பாய். உன் ஹோட்டல் வாசலில் இருக்கிற பெண்ணிடம் நானே கொண்டுவந்து கொடுத்தேன். ஓம், நான் இங்கேதான் நிற்கிறேன். வியாழக்கிழமையிலிருந்து நிற்கிறேன். போன கடிதத்தில் எப்படிக் கையெழுத்து வைத்தேன் என்பதை இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். திங்கட்கிழமை நான் வேலைக்குப் போனேன். உர்லவுப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பின்னேரம் வந்து பார்த்தால் அம்மா சப்பாத்துக்கூட மாற்றாமல் குசினியில் நின்று போனில் பெயர்களைத் தள்ளிக்கொண்டு இருந்தார். நாலாவதாக உன் பெயர். தகுதி. அம்மா கதிரையில் இருந்துவிட்டார். பிறகு,

"இஞ்சாருங்கோ, போங்கோ," என்றார்.

"வாக்குக் குடுத்திட்டன்."

"வாக்கை நான் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் போங்கோ. அவளுக்குத் தெரியாமல் நிண்டு பாத்திட்டு வந்து எனக்குச் சொல்லுங்கோ. எனக்கு முழங்கால் ஏலாது, இல்லாட்டி நான் உங்களைக் கேட்டுக்கொண்டு நிக்க மாட்டன்."

இங்கிலாந்துக்குப் போக இப்போது போனில் ஒரு அனுமதி எடுக்க வேண்டுமாம். அதற்கு அம்மா என் முகத்தை நாலு தரம் படம் பிடித்தார். மூன்று தரம் அந்தப் போன் என் முகத்தை ஏற்கவில்லை. "பாத்தியளோ," என்றார் அம்மா.

ஹெர் குரோஸ்மானிடம் திரும்பவும் லீவு கேட்கப் போனேன். வாயைத் திறக்க முதலே, "நீ இன்னும் ஏன் இங்கே நிற்கிறாய்?" என்றார். கிளப்பில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கீழ்வீட்டு யோகலிங்கம் அண்ணை காரை எடுத்தார். கப்பலில் காரோடு கடல் கடந்தோம். அவருக்கு இந்த விளையாட்டில் அ, ஆ கூடத் தெரியாது. வியாழன் காலை முதல் குழியில் ஆயிரம் பேர் மூச்சுவிடாமல் நிற்பதைப் பார்த்துவிட்டு என் காதுக்குள், "தம்பி, செத்தவீட்டில கூட இவ்வளவு அமைதி இராது. ஆர் தவறினது?" என்றார். ஒரு பொலிஸ்காரர் போன்ற ஆள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

நான் ஒளித்துத்தான் நின்றேன். தொப்பி, கறுப்புக் கண்ணாடி, யோகலிங்கம் அண்ணையின் மண்ணிறச் சட்டை. கயிற்றுப் பக்கம் ஒழுங்கு பார்க்கிற ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று அன்பாகக் கேட்டார். உண்மையைச் சொன்னால் உன் காதுக்கு வந்துவிடும். உனக்கு முன்னால் போன குழுவில் ஒரு யப்பான் பிள்ளையைக் காட்டினேன். அந்த அம்மாவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. எங்கிருந்தோ ஒரு சின்ன யப்பான் கொடியைத் தேடி எடுத்து என் கையில் தந்து, எங்களை முன்வரிசையில் கொண்டுபோய் விட்டார். மூன்று குழிக்கு நானும் அண்ணையும் யப்பானுக்குக் கைதட்டினோம். நல்ல பிள்ளை, நல்லாகத்தான் ஆடுகிறாள்.

இன்றைக்கு நடந்ததைத்தான் உனக்கு எழுத வேண்டும்.

பதினைந்தாம் குழியில் உன் பந்தைக் காற்று தூக்கிக்கொண்டுபோய் மணல் பள்ளத்தில் போட்டது. நான் ஒரு உயரமான ஆளுக்குப் பின்னால் நின்றேன். நீ இனித் திரும்பிப் பார்ப்பாய் என்று எனக்குத் தெரியும். பதினொரு வருசப் பழக்கம். நீ திரும்பினாய். மொயிரா உனக்குக் கிட்ட வந்து ஏதோ சொன்னார். நீ கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய். தோள் இரண்டும் குலுங்கச் சிரித்தாய். பிறகு மணலுக்குள் இறங்கி அந்தப் பந்தை வெளியே எடுத்தாய்.

அடி பிழைத்த பிறகு நீ என் பக்கம் திரும்புகிற முகம் எனக்கு நல்ல பழக்கம். அது மன்னிப்புக் கேட்கிற முகம். விளையாடும்போது உனக்கு இருக்கிற முகமே அதுதான் என்று இவ்வளவு காலமும் நினைத்துக்கொண்டு பையைத் தூக்கியிருக்கிறேன். உன் கடிதத்தை வாசித்தபோது தலை ஆட்டினேன். விளங்கியது இன்றைக்குத்தான்.

கடைசிக் குழியில் இரண்டு மீற்றர் உருட்ட வேண்டி இருந்தது. விழுந்தால் சனி, ஞாயிறும் நீ ஆடலாம். விழாவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். யோகலிங்கம் அண்ணைக்கே அது விளங்கி, என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் பார்க்க ஏலவில்லை. திரும்பிக் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைதட்டுக் கேட்டது. சந்தோசக் கைதட்டா, ஆறுதல் கைதட்டா என்று தெரியவில்லை. இந்த நாட்டுக்காரர் இரண்டுக்கும் ஒரே மாதிரித் தட்டுகிறார்கள்.

"உள்ள போட்டுது, தம்பி," என்று அண்ணை என் முதுகில் குத்தினார். "பந்து உள்ள போட்டுது. இனி நாங்கள் கத்தலாமோ?"

நாளைக் காலை எட்டு மணிக்குப் புறப்படுகிறோம். மிச்சத்தைப் பார்க்காமல் போகிறேன், வாக்கில் பாதியாவது மிஞ்சட்டும். உனக்குச் சொல்லாமலே போயிருக்கலாம். ஒரு பொய்யை ஒப்புக்கொள்ளவே மூன்று கிழமை பட்ட பாடு போதும் என்றுதான் எழுதுகிறேன். பை இனி எப்போதும் மொயிராவிடம் இருக்கட்டும். இதை மனம் நொந்து சொல்லவில்லை. மூக்கு கொஞ்சம் ஓடுகிறது, அது கடற்காற்று.

ஏசுவதென்றால், நாங்கள் தங்கியிருப்பது ரயில் நிலையத்துக்கு எதிரில் பச்சைக் கதவு வீடு.

பிடிபட முதல் தானே வந்து ஒப்புக்கொள்ளும்,
அப்பா


யூலை 31, வெள்ளி ஆறரை மணி

அப்பா,

நீங்கள் பிடிபட்டது வியாழக்கிழமை, ஐந்தாம் குழியில். கயிற்றுக்கு வெளியே ஒரு ஆள் குனிந்து புல்லைக் கிள்ளி, விரலில் உருட்டி, மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். இங்கே வந்திருக்கிற இத்தனை ஆயிரம் பேரில் வேறு யார் அதைச் செய்வார்கள்? கையில் ஏன் யப்பான் கொடி என்பதுதான் இரண்டு நாளாக எனக்கு விளங்கவில்லை.

மொயிராவிடம் காட்டினேன். "உனக்குத் தொந்தரவு என்றால் நான் போய்க் கதைக்கட்டா?" என்று கேட்டார். நான் கொஞ்சம் யோசித்தேன். பிறகு வேண்டாம் என்றேன். நீங்கள் அவ்வளவு கவனமாக ஒளித்துக்கொண்டு இருந்தீர்கள். குழப்ப மனம் வரவில்லை.

இன்றைக்குப் பதினைந்தாம் குழியில் மொயிரா என்ன சொன்னார் என்று நீங்கள் கேட்கவில்லை. நானே சொல்கிறேன். "உன் அப்பா அந்த நெட்டை மனிதனுக்குப் பின்னால் நிற்கிறார். அவன் இடப்பக்கம் அசைந்தால் அவரும் அசைகிறார், வலப்பக்கம் அசைந்தால் அவரும் அசைகிறார்" என்றார். பார்த்தேன். தொப்பி மட்டும் போய்ப் போய் வந்தது. அதற்குத்தான் சிரித்தேன். உங்களைப் பார்த்துத்தான், அப்பா. ஒரு அடி பிழைத்து, உங்களைப் பார்த்து, சிரித்தேன். இப்படி முதல் நடந்ததில்லை.

கடைசிக் குழியில் உருட்ட முதல் தலையை நிமிர்த்தினேன். தேட மாட்டேன் என்று எனக்கு நானே சொல்லியிருந்தேன். தேடினேன். எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு ஆள் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். என்னைவிடப் பயந்த ஒருவர் அங்கே நிற்கிறார் என்று கண்டதும் குனிந்து பந்தை உருட்டிவிட்டேன்.

பை மொயிராவிடம்தான். அதில் மாற்றம் இல்லை. நீங்கள் எழுதியதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். உங்களோடு இருந்து புல்லைப் பற்றிக் கதைக்க வேண்டுமாம்.

எட்டு மணிக்குப் போக வேண்டாம். நான் நாளைக்கு ஒன்பது நாற்பதுக்குத் தொடங்குகிறேன். வீராங்கனைகளின் வீட்டாருக்குக் கொடுக்கிற அனுமதி அட்டை இரண்டு இதோடு வைத்திருக்கிறேன். மற்றது யோகலிங்கம் மாமாவுக்கு, அவர் கதைக்காமல் இருப்பதென்றால். அம்மாவுக்கு இப்பவே போன் எடுத்துச் சொல்லுங்கோ. நான் ஞாயிற்றுக்கிழமை எடுக்கிறேன். கொடியை அந்த அம்மாவிடம் திருப்பிக் கொடுங்கோ.

தொப்பி வேண்டாம், கறுப்புக் கண்ணாடி வேண்டாம். கயிற்றுக்குப் பக்கத்தில் முன்னுக்கு நில்லுங்கோ. கடல் எங்கேயும் போகாது. நாளைக்கு என் பக்கம் திரும்பி நில்லுங்கோ.

சாரங்கா